அறைக்கேற்ற ஒலி: ஸ்பீக்கர் ப்ராசஸரால் ஆவதும் ஆகாததும்

மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் நடுவில், ரேக்கில் ஒன்றே முக்கால் அங்குல உயரம் மட்டும் பிடிக்கும் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ஸ்பீக்கர் ப்ராசஸர். மிக்ஸரின் இடது, வலது சிக்னல்கள் அதற்குள் போய், தாழ் ஒலிக்கான சப் ஸ்பீக்கருக்குத் தனி, நடு, உயர் ஒலிக்கான டாப் ஸ்பீக்கருக்குத் தனி என்று நான்காகவோ ஆறாகவோ பிரிந்து வெளியே வரும். போகிற வழியில் கிராஸ்ஓவர் (அதிர்வெண்படி சிக்னலைப் பிரிப்பது), டிலே (தாமதப்படுத்துவது), ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்குவது), லிமிட்டர் (சத்தத்துக்கு மேல்வரம்பு வைப்பது) ஆகிய நான்கு வேலைகளும் நடந்துவிடும். இப்போது ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர்களுக்குள்ளேயும், டிஜிட்டல் மிக்ஸர்களின் அவுட்புட்டிலும் இதே வசதிகள் வந்துவிட்டன. தனிப் பெட்டி இல்லாவிட்டாலும் கணக்கு அதேதான்.

இந்தப் பெட்டி அறையைச் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. "ரூம் ட்யூனிங்" என்ற பெயரே அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டது. சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியைத் திரும்பப் பிடித்து வைக்க எந்தப் பெட்டியாலும் முடியாது. ஸ்பீக்கரிலிருந்து என்ன கிளம்புகிறது, எந்த நேரத்தில் கிளம்புகிறது, எவ்வளவு சத்தமாகக் கிளம்புகிறது என்ற மூன்றின் மேல்தான் ப்ராசஸருக்கு அதிகாரம் உண்டு. கிளம்பிய பிறகு நடப்பது அறையின் ராஜ்யம். ஒரு குறை காதில் விழுந்தால், அது ஸ்பீக்கர் அமைப்பின் குறையா, அறையின் குறையா, மேடையிலிருந்து நேரே வரும் சத்தத்தின் குறையா என்று பிரித்தறிவதுதான் ட்யூனிங்கில் முக்கால்வாசி வேலை. ஈக்யூ குமிழைத் திருகுவது மீதிக் கால்வாசி.

அறை என்ன செய்கிறது

ஹாலுக்குள் ஒருமுறை கை தட்டினால் ஒலி உடனே அடங்குவதில்லை. அது 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரத்தை ஒலி நீடிப்பு நேரம் என்கிறோம். 1890-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேசுவது புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளெமென்ட் சபைனிடம் வந்தது. இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு தடவையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்து அவர் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் நமக்குப் போதும். அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, அறைக்குள் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், நேரம் விநாடியில் கிடைக்கும்.

20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 1200 கன மீட்டர். காலியாக இருக்கும்போது நீடிப்பு நேரம் 1.8 விநாடி என்றால், உறிஞ்சும் பரப்பு சுமார் 107 சதுர மீட்டர். அதற்குள் 200 பேர் வந்து நிற்கிறார்கள், ஒருவருக்கு 0.45 சதுர மீட்டர் என்று வைத்தால் 90 சதுர மீட்டர் கூடுகிறது. நேரம் 1.8-லிருந்து 1 விநாடிக்கு இறங்கிவிடும். ஆனால் இது நடு, உயர் அதிர்வெண்களுக்கான கணக்கு. தாழ்ந்த அதிர்வெண்களில் மனித உடலும் துணியும் உறிஞ்சுவது இதில் பாதிகூட இல்லை. அதனால் கூட்டம் நிறைந்ததும் மேல் ஒலிகள் அடங்கிவிட, பேஸ் எனும் தாழ் ஒலி மட்டும் முன்புபோலவே ஹாலைச் சுற்றிவந்துகொண்டிருக்கும். சவுண்ட் செக்கில் கச்சிதமாக இருந்த சமநிலை கச்சேரியில் மந்தமாகத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான்.

தாழ் ஒலிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அதிர்வெண்கள் மட்டும் நிலை அலையாக நின்றுவிடும். 343-ஐச் சுவர்களுக்கு நடுவே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் அதிர்வெண் கிடைக்கும். அதன் மடங்குகள் எல்லாம் அடுத்தடுத்தவை. நம் ஹாலில் 12 மீட்டர் அகலத்தின் மூன்றாவது மடங்கு 42.9 ஹெர்ட்ஸ். 20 மீட்டர் நீளத்தின் ஐந்தாவது மடங்கும் அதே 42.9 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ் ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த எஃப் சுரம் 43.7 ஹெர்ட்ஸ். அந்த இரண்டு சுரங்கள் வரும்போது மட்டும் ஹாலின் சில மூலைகளில் வயிறு அதிரும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்தச் சுரமே காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு நிலை அலையும் தனித்தனியாகத் தெரியும் எல்லை எது என்பதற்கும் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் தந்த எளிய கணக்கு ஒன்று உண்டு: நீடிப்பு நேரத்தைக் கொள்ளளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2000-ஆல் பெருக்க வேண்டும். இந்த ஹாலுக்கு அது சுமார் 77 ஹெர்ட்ஸ். 8 மீட்டருக்கு 6 மீட்டர், 3 மீட்டர் உயரம் என்ற சின்ன அறையில் நீடிப்பு நேரம் 0.8 விநாடி என்றால் அந்த எல்லை 149 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். சின்ன அறைகளில் பேஸ் ஏன் இடத்துக்கு இடம் இத்தனை மாறுகிறது என்பதற்கு இதுவே பதில்.

ப்ராசஸரைத் தொடும் முன்

பெட்டிகளை வைக்கும் இடம் தப்பாக இருந்தால் அதை ஈக்யூவால் ஈடுகட்ட முடியாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் 1 மீட்டரில் சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் போகும் தாழ் ஒலி சுவரில் பட்டு 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து முன்னே வரும். 2 மீட்டர் என்பது 86 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சரியாக அரை அலைநீளம். நேர் ஒலியும் திரும்பிய ஒலியும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிக் டிரம்மின் உடம்பு இருக்கும் இடம் அது. சப்பைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் இந்தப் பள்ளம் சப் வேலை செய்யும் எல்லைக்கு மேலே போய்விடும், கூடவே சுவரின் உதவியால் சத்தமும் கூடும்.

சப்களை இடதும் வலதுமாகப் பிரித்து வைப்பது பார்வைக்கு அழகு. ஆனால் ஹாலின் நடுக்கோட்டில் இரண்டும் சேர்ந்து பேஸ் மிதமிஞ்சி இருக்கும். பக்கவாட்டில் நகர்ந்து, இரு சப்களுக்கும் தூர வித்தியாசம் 2.86 மீட்டர் ஆகும் இடத்தில் 60 ஹெர்ட்ஸ் செத்துவிடும். மேடையின் முன் நடுவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மேடை அமைப்பு இடம் கொடுத்தால் இதைத்தான் செய்ய வேண்டும்.

மேடைக்குள் பேஸ் பொங்குவதுதான் பிரச்சினை என்றால் ப்ராசஸர் உண்மையிலேயே கைகொடுக்கும். இரண்டு சப்களை ஒன்றன் பின் ஒன்றாக 1 மீட்டர் இடைவெளியில் வைத்து, பின்னால் உள்ளதற்கு போலாரிட்டியை, அதாவது சிக்னலின் பிளஸ் மைனஸை, திருப்பி, 2.9 மில்லிசெகண்ட் டிலே கொடுத்தால், பின்பக்கம் போகும் ஒலி பெருமளவு அழிந்துபோகும். 1 மீட்டர் கடக்க ஒலிக்கு ஆகும் நேரம் அந்த 2.9. முன்சப்பின் ஒலி பின்சப்பை அடையும் அதே கணத்தில் பின்சப் அதற்கு எதிராகத் தள்ளுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். இரண்டு சப்களுக்கும் தனித்தனி ஆம்ப் சேனலும், ப்ராசஸரில் தனித்தனி அவுட்புட்டும் வேண்டும். முன்பக்கம் இரண்டும் முழுமையாகச் சேர்வது 86 ஹெர்ட்ஸ் அருகில்தான். அதற்குக் கீழே போகப்போகக் கூட்டு பலம் குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சப்பும் டாப்பும் சந்திக்கும் இடம்

ஒரு பேண்டின் கனமும் தெளிவும் பெரும்பாலும் இங்கேதான் நிலைபெறுகின்றன அல்லது தொலைகின்றன. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுக்கலாம்.

கிராஸ்ஓவருக்குப் பொதுவாகக் கைகொள்வது லிங்க்விட்ஸ்-ரைலி வகை, ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் சரிவு. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த வடிவம் இது. சந்திக்கும் அதிர்வெண்ணில் இரு பக்கமும் 6 டெசிபல் இறங்கியிருக்கும். இரண்டும் ஒரே ஃபேஸில், அதாவது அலைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்படி, இருப்பதால் சேரும்போது அந்த 6 டெசிபல் சரியாக நிரம்பி, வரைபடம் சமமாக வரும். பட்டர்வொர்த் வகையில் 3 டெசிபல் இறக்கம்தான். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றொன்று என்று கலந்து போட்டால் சந்திப்பில் மேடோ பள்ளமோ நிச்சயம். ஸ்பீக்கர் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பு இருந்தால் அதிலிருந்து தொடங்குவதே முறை.

இந்தச் சமநிலை ஃபில்டருக்குள் இருக்கிறதே தவிர, காற்றில் தானாக வந்துவிடாது. சப் மேடைக்கு முன்னால், தரையில். டாப் அதற்கு 1.5 மீட்டர் பின்னால், மேடையின் மேல். டாப்பின் ஒலி 4.4 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். கிராஸ்ஓவர் 100 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுழற்சிக்கு 10 மில்லிசெகண்ட்; 4.4 மில்லிசெகண்ட் என்பது ஏறக்குறைய 158 பாகை. கிட்டத்தட்ட நேர் எதிர். இரண்டும் சரியாகச் சேர்ந்தால் ஒன்று தனியாகத் தருவதைவிட 6 டெசிபல் கூட வேண்டும். இங்கே ஒன்று தனியாகத் தருவதைவிட 8 டெசிபல் குறைவாக வரும். மொத்தப் பள்ளம் 14 டெசிபல். கிக்கின் குத்து, பேஸ் கிட்டாரின் உடம்பு, ஆண் குரலின் அடிப்பகுதி எல்லாம் அந்தக் குழிக்குள் போய்விடும். கேட்பவருக்கு "பேஸ் இருக்கிறது, ஆனால் அடி இல்லை" என்று தோன்றும். உடனே ஈக்யூவில் 100 ஹெர்ட்ஸைத் தூக்குவார்கள். சப்பிலும் டாப்பிலும் அது சமமாக ஏறி, முன்புபோலவே ஒன்றையொன்று அழிக்கும். ஆம்ப் சூடாவதுதான் மிச்சம்.

சரிசெய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்லலாம். அளவு மைக்கை ஹாலின் நடு ஆழத்தில், ஒரு பக்க ஸ்பீக்கருக்கு நேரே வையுங்கள். அந்த ஒரு பக்க டாப்பும் சப்பும் மட்டும் ஓடட்டும். 100 ஹெர்ட்ஸைச் சுற்றிய குறுகிய பட்டை பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான இரைச்சல்) கொடுத்து, முதலில் சப் மட்டும், அடுத்து டாப் மட்டும் என்று தனித்தனியாக அளந்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சப்பின் போலாரிட்டியைத் திருப்பிவிட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். எது முதலில் வந்து சேர்கிறதோ அதற்கு டிலே கூட்ட வேண்டும். மேலே சொன்ன அமைப்பில் அது சப். தூர வித்தியாசமான 4.4 மில்லிசெகண்டில் தொடங்கி, 0.2 மில்லிசெகண்ட் அளவில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்த இடத்தில் சத்தம் மிகவும் இறங்குகிறதோ அதுதான் சரியான டிலே. போலாரிட்டியைப் பழையபடி வைத்தால் தனித்தனி அளவைவிட 6 டெசிபல் கூடி வரும்.

கூடுவதைத் தேடாமல் அழிவதைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. உச்சம் அகலமானது, 2 மில்லிசெகண்ட் பிசகினாலும் மீட்டரில் பெரிதாகத் தெரியாது. பள்ளம் கூர்மையானது, அரை மில்லிசெகண்ட் தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 100 ஹெர்ட்ஸில் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அதே பள்ளம் திரும்ப வரும். தவறான சுழற்சியில் பூட்டிவிட்டால் 100-இல் எல்லாம் சரியாக இருந்து, 80-லும் 125-லும் கலைந்துபோகும். ஆகவே அந்த இரண்டு அதிர்வெண்களிலும் போலாரிட்டியைத் திருப்பிப் பார்த்து, அங்கேயும் சத்தம் இறங்குகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். டேப் வைத்து அளந்த தூரம் மட்டும் போதாததற்கும் காரணம் சொல்லிவிடலாம்: சப் பெட்டியின் போர்ட் (காற்றுத் துளை), அதன் ஹை-பாஸ் (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர்), கிராஸ்ஓவர் ஃபில்டர் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில மில்லிசெகண்ட் தாமதம் சேர்க்கும்.

இப்படிச் சேர்த்த இணைப்பு எல்லா இருக்கைக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. டாப்கள் 5 மீட்டர் உயரத்தில் தொங்க, சப்கள் தரையில் இருந்தால், 15 மீட்டரில் சேர்த்தது 3 மீட்டரில் 2.7 மில்லிசெகண்ட் பிசகும். 100 ஹெர்ட்ஸில் அது மூன்றரை டெசிபல் இழப்பு. முன்வரிசைக்காரர் சப்புக்கு மிக அருகில் இருப்பதால் அவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. பெரும்பாலோர் நிற்கும் இடத்துக்கு இணைப்பைச் சரிசெய்வதே நியாயம்.

அளவெடுத்தல்

மைக் எல்லாத் திசையிலும் சமமாகக் கேட்கும் அளவு மைக்காக இருக்க வேண்டும். பாடகர் பிடிக்கும் மைக்கை வைத்து அளந்தால் அந்த மைக்கின் குணத்தைத்தான் அளக்கிறோம். மென்பொருளில் ரூம் ஈக்யூ விசார்டு இலவசம். நேரடியாக ஓடும் ஒலியை அளக்க ஸ்மார்ட், ஓப்பன் சவுண்ட் மீட்டர் போன்றவை உண்டு.

பழைய வழக்கம், பிங்க் நாய்ஸ் விட்டு ஒவ்வொரு அதிர்வெண் பட்டையின் அளவையும் காட்டும் ஆர்டிஏ திரையில் பட்டைகளைச் சமமாக்குவது. ஆர்டிஏவுக்கு நேரம் தெரியாது. ஸ்பீக்கரிலிருந்து நேரே வந்ததையும், பின்சுவரில் பட்டு 100 மில்லிசெகண்ட் கழித்து வந்ததையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். நம் காது அப்படிக் கூட்டுவதில்லை. முதலில் வந்த ஒலியைக் கொண்டுதான் குரலின் நிறத்தை முடிவு செய்கிறது. மிக்ஸரிலிருந்து கிளம்பிய சிக்னலையும் மைக்குக்கு வந்த ஒலியையும் ஒப்பிடும் இரட்டைச் சேனல் அளவீடு இதற்காகவே வந்தது. 1980-களில் மேயர் சவுண்ட் நிறுவனம் சிம் என்ற பெயரில் இதைக் கச்சேரிகளுக்குக் கொண்டுவந்தது. ஒப்பிடும்போது இரண்டு சிக்னலும் எந்த அளவுக்குத் தொடர்புடையவை என்பதைக் கோஹிரன்ஸ் என்ற கோடு காட்டும். அந்தக் கோடு விழுந்து கிடக்கும் இடங்களில் தெரியும் மேடு பள்ளங்களை நம்பி ஈக்யூவைத் தொடக்கூடாது. அங்கே ஸ்பீக்கரைவிட அறைதான் அதிகம் பேசுகிறது.

ஒரே இடத்தில் அளப்பது ஆபத்து. பார்வையாளர் பகுதியில் குறைந்தது ஐந்தாறு இடங்களில் மைக்கை வைத்து, ஒவ்வொரு கோட்டையும் சேமித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். 160 ஹெர்ட்ஸில் ஒரு மேடு எல்லா இடத்திலும் அதே உயரத்தில் நின்றால் அது ஸ்பீக்கர் அமைப்பினுடையது. ஈக்யூவால் தாராளமாக வெட்டலாம். ஓரிடத்தில் 160, அடுத்த இடத்தில் 190, இன்னோரிடத்தில் பள்ளம் என்று அலைந்தால் அது அறையினுடையது. ஒரு நாற்காலிக்காக அதை வெட்டினால் மற்ற நாற்காலிகளுக்குக் கெடுதல். சில ப்ராசஸர்களில் உள்ள தானியங்கி ஈக்யூ தவறுவது இங்கேதான். மைக் நின்ற இடத்தில் தெரிந்த பள்ளத்தையெல்லாம் அது நிரப்பப் பார்க்கும். அதன் முடிவை வரைவாக மட்டும் எடுத்துக்கொண்டு, அது தூக்கியிருக்கும் ஃபில்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஈக்யூ

எதிரொலியால் வந்த பள்ளத்தைத் தூக்க முடியாது. நேர் ஒலியை 6 டெசிபல் உயர்த்தினால் சுவரிலிருந்து வரும் ஒலியும் 6 டெசிபல் உயரும், அழிவு அப்படியே நீடிக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயரிடம் அந்த இடத்தில் நான்கு மடங்கு சக்தி கேட்டிருப்போம். மேட்டை வெட்டுவது இப்படி இல்லை. நிலை அலையால் 43 ஹெர்ட்ஸில் ஒலி நின்று முழங்கினால், அங்கே 4 டெசிபல் குறைப்பது அறைக்குக் கொடுக்கும் தீனியைக் குறைக்கும். முழக்கம் அடங்கும் வேகம் மாறாவிட்டாலும் தொடக்க உயரம் இறங்கும்.

அகலத்தைத் தீர்மானிக்கும் க்யூ எண்ணுக்கு ஒரு நினைவுக் குறிப்பு: 1.4 என்றால் ஒரு ஆக்டேவ் அகலம், 4.3 என்றால் மூன்றில் ஒரு ஆக்டேவ். அமைப்பின் பொதுக் குணத்தைச் சரிசெய்ய 1 முதல் 3 வரையிலான க்யூவும், 3 முதல் 5 டெசிபல் வெட்டும் போதும். ஒரு அவுட்புட்டுக்கு ஆறேழு ஃபில்டர்களுக்கு மேல் தேவைப்பட்டால், பெட்டி வைத்த இடத்தையோ கிராஸ்ஓவர் இணைப்பையோ திரும்பிப் பார்க்க வேண்டிய நேரம் அது.

திரையில் கோடு தட்டையாக வந்தால் காதுக்குச் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. ஹாலின் நடுவில் 10 கிலோஹெர்ட்ஸ் வரை தட்டையாக்கிய அமைப்பு கூச்சலாகவும் மெலிந்தும் கேட்கும். பேண்ட் இசைக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 முதல் 10 டெசிபல் உயர்ந்து, மேலே போகப்போக மெல்ல இறங்கும் கோடு இயல்பாக இருக்கும். தூரம் கூடும்போது காற்றே உயர் ஒலிகளைத் தின்னும்: 20 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் 8 கிலோஹெர்ட்ஸ் ஒலி 10 மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் இழக்கிறது. மிக வறண்ட காற்றில் இழப்பு இன்னும் அதிகம். கடைசி வரிசைக்காக அதை ஈடுகட்டினால் முதல் வரிசைக்குக் காது கூசும். நீண்ட ஹாலுக்குப் பின்பகுதியில் தனி டிலே ஸ்பீக்கர் வைப்பதே வழி.

அந்த ஸ்பீக்கர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் 58 மில்லிசெகண்ட் டிலே வேண்டும். அதற்கு மேல் 5 முதல் 10 மில்லிசெகண்ட் கூட்டுவது ஒரு வழக்கம். ஹெல்மட் ஹாஸ் 1949-இல் காட்டியபடி, சில மில்லிசெகண்டுகள் முதலில் வந்த ஒலியின் திசையிலிருந்துதான் முழுச் சத்தமும் வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும், பின்னால் வந்தது ஓரளவு உரக்க இருந்தாலும்கூட. குரல் மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். ஆனால் கூட்டுவது அதிகமானால் தாள வாத்தியங்களின் முனை மழுங்கும், ஆகவே டிரம்ஸ் உள்ள பேண்டுக்கு 5-க்குள் நிறுத்திக்கொள்வதே நல்லது.

சின்ன ஹாலில் ஒரு கூடுதல் தந்திரம் பலிக்கும். டிரம் செட் ஸ்பீக்கர்களுக்கு 3 மீட்டர் பின்னால் இருக்கிறது. அதிலுள்ள ஸ்னேர் டிரம்மின் நேர் ஒலியும் ஸ்பீக்கர் வழி ஒலியும் கேட்பவரை வெவ்வேறு நேரத்தில் அடைகின்றன. மெயின் அவுட்புட் முழுவதையும் 8.7 மில்லிசெகண்ட் தள்ளினால் இரண்டும் ஒன்றாக வந்து, ஸ்னேர் ஒரே அடியாகக் கேட்கும். ப்ராசஸரின் சொந்தத் தாமதமான ஒன்றிரண்டு மில்லிசெகண்டை இதிலிருந்து கழித்துவிட வேண்டும். மேடையில் இருப்பவர்கள் கேட்கும் மானிட்டர்களுக்கு இந்த டிலே போகவே கூடாது.

கூவல்

மைக் கூவுவதை அடக்கும் ஃபில்டர்களை மானிட்டர் அவுட்புட்டில்தான் போட வேண்டும். மெயினில் போட்டு எல்லோருடைய ஒலியையும் சிதைக்கக்கூடாது. மைக்கின் குணமும் இடத்தைத் தீர்மானிக்கும். ஷுர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்ட் மைக் நேர் பின்னால்தான் மிகக் குறைவாகக் கேட்கும். மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டுக்கு அந்தச் செவிட்டு இடம் 126 பாகை அருகில், பக்கவாட்டுப் பின்புறத்தில் இருக்கிறது. நேர் பின்னால் வைத்தால் அது மானிட்டரைக் கொஞ்சம் கேட்கும். இதைச் சரிசெய்தாலே நான்கு ஃபில்டர் மிச்சமாகும்.

பிறகு மெல்லச் சத்தத்தை ஏற்றி, முதலில் கூவும் அதிர்வெண்ணைக் குறுகிய ஃபில்டரால் 3 முதல் 6 டெசிபல் வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். ஐந்து வெட்டுக்குப் பிறகு பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் கூவ ஆரம்பிக்கும், அதுவே எல்லை. தானியங்கிக் கூவல் அடக்கியைக் கச்சேரி நடுவே விழிப்பாக விட்டுவைத்தால், கிட்டாரின் நீண்ட சுரத்தையும் புல்லாங்குழலையும் கூவல் என்று எண்ணி வெட்டிவிடும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் கூவலுக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறையும், பயன்படாத மைக்கை மூடுவது எந்த ஃபில்டருக்கும் சளைத்ததல்ல.

லிமிட்டர்

லிமிட்டரைக் கண்மதிப்பில் வைப்பதால்தான் ஸ்பீக்கர்கள் எரிகின்றன. கணக்கு எளிது. 8 ஓம், 500 வாட் ஸ்பீக்கர். 500-ஐ 8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 63 வோல்ட். ஆம்ப்ளிஃபயரின் கெய்ன் 32 டெசிபல், அதாவது 40 மடங்கு. 63-ஐ 40-ஆல் வகுத்தால் 1.58 வோல்ட், டிபியூ கணக்கில் (0.775 வோல்ட்டைப் பூஜ்யமாக வைத்த டெசிபல்) 6.2. சராசரி அளவைக் கவனிக்கும் ஆர்எம்எஸ் லிமிட்டருக்கு இதுவே உச்ச வரம்பு. நீண்ட நேரக் கச்சேரிக்கு இதிலிருந்து 2 அல்லது 3 டெசிபல் கீழே வைத்தால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் சூட்டைத் தாங்கும். கணநேர உச்சத்தைப் பிடிக்கும் பீக் லிமிட்டர் இதற்கு 6 டெசிபல் மேலே, 12.2 டிபியூவில் இருக்கலாம். ஆம்ப் அதற்கு முன்பே கிளிப் ஆகி அலையின் முனையை வெட்டுகிறது என்றால் ஆம்பின் எல்லைதான் கணக்கு. ஆம்பின் கெய்ன் குமிழைப் பிறகு யாராவது திருகினால் இந்தக் கணக்கு முழுவதும் செல்லாது. முழுவதும் திறந்து வைத்து, அதன் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட வேண்டும்.

லிமிட்டர் செயல்பட எடுக்கும் அட்டாக் நேரம் அந்த அவுட்புட்டின் ஹை-பாஸைப் பொறுத்தது. 31-க்கும் 63 ஹெர்ட்ஸுக்கும் நடுவே தொடங்கும் சப்புக்கு 16 மில்லிசெகண்ட், 63-க்கும் 125-க்கும் நடுவே தொடங்கும் டாப்புக்கு 8, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஹார்னுக்கு 0.3 என்ற அளவுகள் ப்ராசஸர்களில் பரவலாக உள்ளவை. விடுபட எடுக்கும் ரிலீஸ் நேரம் அதன் 16 மடங்கு வரை. சப்புக்கு அட்டாக்கை 1 மில்லிசெகண்டாக வைத்தால் லிமிட்டர் அலையின் வடிவத்தையே பின்தொடர்ந்து பேஸைக் கரகரப்பாக்கும்.

எந்த லிமிட்டராலும் காக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. போர்ட் உள்ள சப், தன் ட்யூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைக் கட்டுப்படுத்தும் காற்றழுத்தத்தை இழந்துவிடும். மைக் ஸ்டாண்டில் யாரோ கால் இடித்தால் வரும் 15 ஹெர்ட்ஸ் அதிர்ச்சியில் கூம்பு எல்லை தாண்டித் துடிக்கும். சப் அவுட்புட்டில் 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள், பெட்டியின் ட்யூனிங்கை ஒட்டி, 24 டெசிபல் ஹை-பாஸ் கட்டாயம். ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் கீழ் பி 30.9 ஹெர்ட்ஸ் என்பதால் அதைக் காப்பாற்ற ஹை-பாஸைத் தளர்த்தச் சொல்வார்கள். பெட்டி 40-க்கு ட்யூன் ஆகியிருந்தால் சம்மதிக்கக்கூடாது. அந்தச் சுரத்தை நாம் அடையாளம் காண்பது 62 ஹெர்ட்ஸிலும் 93 ஹெர்ட்ஸிலும் உள்ள அதன் மடங்குகளை வைத்தே.

கூட்டம் வந்தபின்

கிராஸ்ஓவர், சப்-டாப் டிலே, லிமிட்டர் ஆகிய மூன்றையும் அதன் பிறகு தொடக்கூடாது. அவை ஸ்பீக்கரைச் சேர்ந்தவை, கூட்டத்தால் மாறாதவை. இன்புட் பக்கத்தில் ஒரு பொது ஈக்யூவைக் காலியாக வைத்திருந்து, அதில் மட்டும் திருத்துங்கள்: 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 1 அல்லது 2 டெசிபல் ஏற்றம், சப் அளவில் 2 டெசிபல் இறக்கம். பெரும்பாலும் இவ்வளவே வேண்டியிருக்கும். முதல் பாட்டிலேயே செய்து முடித்துவிட வேண்டும். தொலைவில் டிலே ஸ்பீக்கர் இருந்தால் வெப்பத்தையும் பாருங்கள். 20 டிகிரியில் 343 மீட்டர் வேகத்தில் போகும் ஒலி 35 டிகிரியில் 352 மீட்டர் போகிறது. 30 மீட்டருக்கு வைத்த 87.5 மில்லிசெகண்ட் 85.2 ஆக வேண்டும்.

மாற்றிய அமைப்பைப் பழையதன் மேல் எழுதாமல் புதிய பெயரில் சேமித்து, முன்பலகையைப் பூட்டிவிடுங்கள். முடிந்ததும் முதலில் ஆம்ப்ளிஃபயர்கள் அணையட்டும், ப்ராசஸர் கடைசியில். தொடங்கும்போது நேர் எதிர் வரிசை.